அந்தமானுக்கு ஐந்தே நாளா? – வாசகர் கேள்வி பதில்

கல்லூரித் தோழர்கள் ஆறு பேர். எல்லோருக்கும் இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது. பிப்ரவரியில் அந்தமான் போக முடிவு செய்திருக்கிறோம். தலைக்கு 25,000 ரூபாய்க்கு மேல் யாராலும் முடியாது. ஒரு டிராவல்ஸில் நாலு ராத்திரி, ஐந்து பகல் என்று பேக்கேஜ் சொல்கிறார்கள், விமான டிக்கெட் தனி. எடுக்கலாமா?
– ஆர்.கே., திண்டுக்கல்

வேண்டாம் தம்பி. ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. அவர்கள் கொடுத்த காகிதத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். முதல் நாள் செல்லுலார் ஜெயில், இரண்டாம் நாள் ஹேவ்லாக் தீவு, மூன்றாம் நாள் நீல் தீவு, நாலாம் நாள் திரும்பவும் போர்ட் பிளேயர், ஐந்தாம் நாள் விமானம். தினம் மூட்டை கட்டுவது, தினம் ஜெட்டியில் (படகுத்துறையில்) வரிசை. இந்த ஓட்டத்துக்கு அரசு ஃபெர்ரியின் (தீவுக்குத் தீவு ஓடும் பயணிகள் படகின்) நேரம் ஒத்து வராது, தனியார் ஃபெர்ரியில்தான் போயாக வேண்டும். ஒவ்வொரு இறங்குதுறையிலும் கார் காத்திருக்க வேண்டும். அந்தச் செலவெல்லாம் உங்கள் தலையில்தான் விழும். அந்தமானில் நாளைச் சுருக்கினால் செலவு விரியும். எனவே ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஒரு தீவை விட்டுவிடுங்கள்.

நான் போட்டுத் தரும் கணக்கு இது. சென்னையிலிருந்து காலை விமானம். இரண்டே கால் மணி நேரம் பறந்தால் போர்ட் பிளேயர். அன்று ஜெயில், சாயங்காலம் அபர்தீன் பஜார். மறுநாள் விடியற்காலை அரசு ஃபெர்ரியில் ஹேவ்லாக். அங்கே மூன்று ராத்திரி, ஒரே அறையில், மூட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டு. ஐந்தாம் நாள் போர்ட் பிளேயர் திரும்பி அங்கேயே தங்கி, ஆறாம் நாள் விமானம்.

அந்தக் கடைசி ராத்திரியை மட்டும் யார் சொன்னாலும் மாற்றாதீர்கள். "காலை ஃபெர்ரியில் கிளம்பினால் மதிய விமானத்தைப் பிடித்துவிடலாமே" என்று உங்கள் ஆறு பேரில் ஒருவர் கட்டாயம் சொல்வார். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் ஃபெர்ரியை நிறுத்திவிடுவார்கள். ஃபெர்ரிக் காசு திரும்பக் கிடைக்கும், விமானக் காசு கிடைக்காது. என் அண்ணன் அபர்தீன் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்த காலத்தில், கையில் செத்துப்போன விமான டிக்கெட்டோடு கடை வாசலில் நின்று "அண்ணாச்சி, இங்கே ஒரு ராத்திரிக்கு மலிவா ரூம் கிடைக்குமா?" என்று கேட்ட நம்மூர்ப் பிள்ளைகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

பணத்துக்கு வருவோம். விமான டிக்கெட்டை இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே எடுத்தால் போக வரப் பத்திலிருந்து பன்னிரண்டாயிரத்துக்குள் கிடைக்க வாய்ப்பு உண்டு. மூன்று பேருக்கு ஒரு அறை என்று இரண்டு அறை எடுத்தால் ஐந்து ராத்திரிக்குத் தலைக்கு 3,500 முதல் 4,000. ஃபெர்ரிக்கு 1,500 ஒதுக்கிவையுங்கள். சாப்பாட்டுக்கு ஆறு நாளும் சேர்த்து 4,000. இரண்டு பேருக்கு ஒரு ஸ்கூட்டி என்றால் பெட்ரோலோடு தலைக்கு 1,000. ஆக, 22,500க்குள் முடிகிறது. மிச்சம் ஆட்டோவுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் இளநீருக்கும். ஸ்கூபா, அதாவது காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது, இதில் அடங்காது. அதற்குத் தனியாக ஒரு நாலாயிரம் வேண்டும். வேண்டுமென்றால் இப்போதிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போனால் பாதிக் காசு மிச்சம் என்கிறானே என் நண்பன்?
– எஸ்., பழவேற்காடு

அவனுக்கு எத்தனை நாள் லீவு என்று முதலில் கேளுங்கள். சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் நடுவே ஆயிரத்து முந்நூற்றைம்பது கிலோமீட்டர் அளவுக்குக் கடல். கப்பல் அதைக் கடக்க மூன்று நாள் பிடிக்கும். மாதத்தில் சில நடைதான். இன்ன கிழமை என்ற நிலையான அட்டவணையும் கிடையாது. தேதி அறிவித்த பிறகுதான் நீங்கள் லீவு எழுதிக் கொடுக்க முடியும்.

இருப்பதில் மலிவு பங்க் வகுப்பு. பெரிய கூடத்தில் இரண்டடுக்குப் படுக்கைகள் வரிசையாக இருக்கும். டீசல் வாடை, யாரோ வாந்தி எடுத்த வாடை, ஊறுகாய் வாடை மூன்றும் கலந்து வரும். ஆனால் இரண்டாம் நாள் எல்லோரும் பழகிவிடுவார்கள். பேரனைப் பார்க்கப் போகும் பாட்டி முறுக்கு டின்னைத் திறப்பார், சீட்டுக் கச்சேரி நடக்கும், மேல்தளத்தில் நின்றால் பறக்கும் மீன் தெரியும். பத்துப் பன்னிரண்டு நாள் கையில் இருந்தால் போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வையுங்கள். ஒரு வாரந்தான் லீவு என்றால் கப்பல் பேச்சையே எடுக்க வேண்டாம்.

அரசு ஃபெர்ரியில் டிக்கெட்டே கிடைக்காது, தனியார்தான் கதி என்கிறார்களே. உண்மையா?
– வாசகி, காரைக்குடி

பாதி உண்மை. போர்ட் பிளேயரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து அரசுக் கப்பல் துறையின் ஃபெர்ரிகள் ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் போகின்றன. அவை அந்தத் தீவு மக்களின் பஸ். ஆஸ்பத்திரிக்கு வந்தவர், மளிகை வாங்க வந்தவர், பரீட்சை எழுத வந்த பிள்ளை எல்லோரும் அதில்தான் வீடு திரும்ப வேண்டும். அவர்களுக்குக் கட்டணமும் குறைவு, முன்னுரிமையும் உண்டு. அது நியாயமும்கூட. மிச்ச இடத்துக்குத்தான் நாம் போட்டி போடுகிறோம். ஆன்லைனிலும் பதியலாம், ஆறு பேர் என்றால் முன்பதிவு திறந்த அன்றே பதிந்துவிடுங்கள்.

தனியார் ஃபெர்ரி ஒன்றரை மணியில் கொண்டுபோய் விடும். ஏ.சி., மெத்தென்ற நாற்காலி, மூடிய கண்ணாடி ஜன்னல். அரசு ஃபெர்ரிக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். ஆனால் வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், கடற்காற்று முகத்தில் அடிக்கும், கட்டணமும் கணிசமாகக் குறைவு. அரசு ஃபெர்ரி கிடைக்காவிட்டால் தனியாரில் போங்கள், அதற்காகப் பயணத்தையே ரத்து செய்ய வேண்டாம். போக ஒன்று, வர ஒன்று என்று கலந்து எடுத்தாலும் சரி.

இன்னொன்று. 2018 கடைசியில் ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் த்வீப், நீலுக்கு ஷாஹீத் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். 2024இல் போர்ட் பிளேயரும் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயர்தான் சொல்வார். பதறிப்போய் ஏஜெண்டுக்கு போன் போடாதீர்கள்.

போன வருஷம் ஐந்து தோழிகள் கோவா போனோம். திரும்பி வரும்போது ரயிலில் யாரும் யாரோடும் பேசவில்லை. காரணம் காசு. இந்த முறை அந்தமான். எப்படிச் சமாளிப்பது?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பெயர் வேண்டாம் என்று எழுதினாலும் மற்ற நாலு பேரும் இதைப் படித்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள், பரவாயில்லை.

கிளம்பும் முன்பே ஒரு பொதுப் பணம் போடுங்கள். அறை, ஃபெர்ரி, ஆட்டோ, மூன்று வேளைச் சாப்பாடு ஆகியவை மட்டும் அதிலிருந்து போகட்டும். ஸ்கூபா, நண்டு, பியர், முத்துமாலை, சங்கு வளையல் எல்லாம் அவரவர் பர்ஸ். உங்கள் சண்டை எங்கே ஆரம்பித்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் நான் கேட்ட சண்டைகளில் முக்கால்வாசி ஹோட்டல் பில்லில்தான் தொடங்கும். ஒருத்தி தயிர்சாதம் சாப்பிட்டிருப்பாள், இன்னொருத்தி இறால் கிரில் சாப்பிட்டிருப்பாள், பில்லை ஐந்தாய் வகுப்பார்கள். தயிர்சாதக்காரி அன்றைக்கு வாய் திறக்க மாட்டாள். மூன்றாம் நாள் ஏதோ சோப்பு விஷயத்தில் வெடிப்பாள்.

கணக்குப் பிள்ளையாக ஒருத்தியை நியமியுங்கள். உங்களில் அதிகம் சம்பாதிப்பவளை நியமிக்காதீர்கள், அவளுக்கு நூறு ரூபாய் கண்ணில் படாது. குறைவாகச் சம்பாதிப்பவளிடம் பொறுப்பைக் கொடுங்கள். எல்லாச் செலவும் அவள் கை நடுக்கத்துக்கு ஏற்ப நடக்கும், யாருக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க வேண்டிய நிலை வராது. தினம் ராத்திரி படுக்கும் முன் அன்றைய செலவை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும். ஊருக்கு வந்து மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது.

எல்லோரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற சட்டமும் வேண்டாம். இரண்டு பேர் எலிஃபெண்ட் பீச்சுக்குப் படகில் போகட்டும். காசு இல்லாதவளும் தூக்கம் வருபவளும் விஜயநகர் கடற்கரைத் தென்னை நிழலில் படுத்துக் கிடக்கட்டும். அதற்கு நயா பைசா செலவில்லை.

நீச்சல் தெரியாதவர்களும் ஸ்கூபா செய்யலாம் என்று விளம்பரம் வருகிறதே?
– டி.ஜே., நாகர்கோவில்

செய்யலாம். பயிற்சியாளர் ஒருவர் உங்கள் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டே கூட வருவார், உங்கள் வேலை வாயால் மூச்சு விடுவது மட்டும். ஆஸ்துமா, இதய நோய், காது அடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. சாதாரண ஜலதோஷம் இருந்தால்கூட அன்றைக்கு வேண்டாம், தண்ணீருக்குள் காது வலி உயிரை எடுத்துவிடும். அவர்கள் நீட்டும் உடல்நலப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்காதீர்கள்.

ஹேவ்லாக் ஜெட்டியில் இறங்கியதுமே "அண்ணா, ஸ்கூபா, போட்டோ வீடியோ ஃப்ரீ" என்று சூழ்ந்துகொள்வார்கள். அங்கே பேரம் பேசி முடிக்க வேண்டாம். கோவிந்த் நகர், விஜயநகர் பக்கம் டைவிங் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நேரில் போய், பயிற்சியாளரிடம் பாடி (PADI) அல்லது எஸ்.எஸ்.ஐ. (SSI) என்ற டைவிங் அமைப்புகளின் சான்றிதழ் இருக்கிறதா, ஒருவருக்கு எத்தனை பேரைக் கூட்டிப் போகிறார், கரையிலேயே பழக்கிவிட்டுத்தான் இறக்குகிறாரா என்று கேளுங்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற கடையில் ஆயிரம் ரூபாய் குறைவு என்றாலும் வேண்டாம்.

விமானத்துக்கு முந்தின நாள் டைவ் வைக்காதீர்கள். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் முழுசாக வெளியேறும் முன் உயரே பறந்தால் ஆபத்து. ஒரு முழு நாள் இடைவெளி விடுவது நல்லது. ஹேவ்லாக் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையே முடித்துவிட்டால் தொல்லையில்லை.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். மூன்று தோழிகளோடு அந்தமான் போகிறேன் என்கிறாள். ஆண் துணை கிடையாது. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. போக விடலாமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

தாராளமாகப் போக விடுங்கள் அம்மா. அங்கே தமிழ் ஒன்றும் அந்நியமில்லை. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பி வந்து குடியேறியவர்கள், பிழைக்கப் போனவர்கள் என்று நம் ஆட்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். போர்ட் பிளேயரில் வெற்றிமலை முருகன் கோயில் வாசலில் நின்றால் மயிலாப்பூரில் நிற்பதுபோல இருக்கும். போனும் முன்னைப் போல் இல்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் போட்டு இணைத்துவிட்டார்கள். ஆனாலும் காட்டு வளைவுகளில் சிக்னல் போய் வரும். ஒரு மணி நேரம் பதில் வராவிட்டால் உடனே போலீசுக்குப் போகாதீர்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு. ஒன்று, இருட்டு. அந்தமான் நமக்குக் கிழக்கே வெகு தூரத்தில் இருக்கிறது, கடிகாரமோ நம் கடிகாரம்தான். டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும், பிப்ரவரியில் ஐந்தரைக்குள். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனம் பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்புவார்கள். ஜெட்டிப் பக்கம் திரும்பப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், காடும் வளைவுமான சாலை, பல இடத்தில் விளக்கு கிடையாது. ஸ்கூட்டி சரளமாக ஓட்டத் தெரியாவிட்டால் அன்றைக்கு மட்டும் நாலு பேருமாகப் போக வர ஆட்டோ பேசிக்கொள்ளட்டும். அதற்குப் பதில் காலையில் சீக்கிரம் எழுந்திருக்கட்டும். ஐந்தரை, ஆறுக்குள் விடிந்துவிடும், ஏழு மணிக்கு ராதாநகரில் ஆளே இருக்காது.

இரண்டாவது, முதலை. சிரிக்காதீர்கள். உப்புத் தண்ணீர் முதலை அந்தக் கடலில் உண்டு. 2010இல் ஹேவ்லாக்கில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணைக் கொன்றது. கழிமுகம், சதுப்புக் காட்டு ஓரம், எச்சரிக்கைப் பலகை வைத்த இடம் எதிலும் கால் வைக்கக் கூடாது. உயிர்காப்பாளர் விசில் ஊதினால் வெளியே வந்துவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மகளிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றபடி, நாலு பெண்கள், அமைதி வேண்டும், காசும் குறைவு என்றால் ஹேவ்லாக்கை விட நீல் தீவு பொருத்தம். வாடகை சைக்கிளிலேயே முழுத் தீவையும் சுற்றிவிடலாம். ஜெட்டியை ஒட்டியே பரத்பூர் கடற்கரை, ஒரு முனையில் லக்ஷ்மண்பூர், மறுமுனையில் சீதாபூர். இயற்கையாக அமைந்த பாறைப் பாலத்தை மட்டும் கடல் வற்றும் நேரத்தில் பார்க்க வேண்டும். தங்கும் இடத்தில் கேட்டால் அன்றைய வற்று நேரம் சொல்வார்கள். அது தெரியாமல் போய், இடுப்பளவு தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அநேகம்.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தி சுத்த சைவம். பட்டினி கிடப்பாளா?
– வி.எல்., கும்பகோணம்

மாட்டாள். அபர்தீன் பஜாரில் இட்லி தோசை கிடைக்கும். தீவுகளில் சோறு, பருப்பு, ஒரு பொரியல் என்று வங்காளி முறைச் சாப்பாடு எங்கும் உண்டு. அங்கே குடியேறியவர்களில் கிழக்கு வங்காளத்து அகதிகள் அதிகம். நீல் தீவுதான் அந்தமானுக்கே காய்கறித் தோட்டம். "கடுகு எண்ணெயா?" என்று மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வாசனை பிடிக்காவிட்டால் முதல் வாயிலேயே தட்டைத் தள்ளிவிடுவாள்.

பாராடாங் தீவுக்குப் போகும் வழியில் ஜாரவா பழங்குடி மக்களைப் பார்க்கலாமாமே? போட்டோ எடுக்க அனுமதி உண்டா?
– கே., சேலம்

கிடையாது. போட்டோ எடுப்பது, வீடியோ எடுப்பது, வண்டியை நிறுத்துவது, பிஸ்கட் போடுவது எல்லாமே குற்றம். 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு விதிமுறைப்படி சிறைத் தண்டனையே உண்டு. அந்தச் சாலை அவர்கள் வசிக்கும் காட்டை அறுத்துக்கொண்டு போகிறது. வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து, காவலோடுதான் விடுகிறார்கள். "பார்க்கலாம்" என்று கண்ணைச் சிமிட்டி டிக்கெட் விற்கும் ஏஜெண்டிடம் வேறு எதையும் வாங்காதீர்கள். என்னைக் கேட்டால் பாராடாங்கே வேண்டாம். சுண்ணாம்புக் குகையைப் பார்க்க ராத்திரி இரண்டு மூன்று மணிக்குக் கிளம்பி, நாள் முழுக்கப் பயணத்தில் கழித்து, செலவும் கூட. அந்தக் காசுக்கு வண்டூர் போய் ஜாலிபாய் தீவுக்குப் படகு ஏறலாம், பவளப் பாறை பார்க்கலாம். மழைக் காலத்தில் அது மூடியிருக்கும், அப்போது ரெட்ஸ்கின் தீவு திறந்திருக்கும். பிளாஸ்டிக் கொண்டுபோக விட மாட்டார்கள்.

கடற்கரையில் கிடக்கும் சங்கு, பவளத் துண்டுகளை ஞாபகார்த்தமாக எடுத்து வரலாமா?
– ஜி., ராமநாதபுரம்

விமான நிலைய எக்ஸ்ரேயில் அப்படியே தெரியும். பையைத் திறக்கச் சொல்லி எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். கடையில் வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

மே மாதந்தான் எங்களுக்கு விடுமுறை. போகலாமா?
– பாலிடெக்னிக் மாணவர்கள், கோவில்பட்டி

முதல் பத்து நாளுக்குள் போய் வந்துவிடுங்கள். பிறகு தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும், ஃபெர்ரி எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. கடல் அமைதியாக இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் மட்டும் போகாதீர்கள், அறை வாடகையைக் கேட்டால் தலை சுற்றும்.

அந்தமானை விட லட்சத்தீவு கிட்டத்தில் இருக்கிறதே? மாலத்தீவு?
– எம்., தூத்துக்குடி

லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், நினைத்தபடி நினைத்த தீவில் இறங்க முடியாது, கைக்கு அடக்கமான செலவில் முடிவதும் கஷ்டம். மாலத்தீவில் மாஃபுஷி போல உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன, ரிசார்ட்டோடு ஒப்பிட்டால் வாடகை மிகக் குறைவு. மாலேயிலிருந்து பொதுப் படகும் உண்டு, வெள்ளிக்கிழமை ஓடாது. உள்ளூர்த் தீவில் மது கிடையாது, நீச்சலுடைக்கும் தனிக் கடற்கரைதான். உங்கள் நண்பர்களிடம் முதலில் அதைச் சொல்லிவிட்டு, யார் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பஸ்ஸில் போனாலே எனக்கு வாந்தி வரும். ஃபெர்ரியில் என்ன செய்வது?
– பி., ஊட்டி

அவோமின் மாதிரி மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பலனில்லை. வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், பூரி கிழங்கு சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள், இரண்டு இட்லி போதும். கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. அந்த மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும். எனவே ஹேவ்லாக்கில் இறங்கியதும் ஸ்கூட்டிச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.